முறிந்த எலும்பும் பத்தியமும்: கட்டும் உணவும் குறித்துச் சில விளக்கங்கள்

கொடுமுடி வட்டாரத்தில் எலும்பு முறிவு அரிதாக நிகழ்வதன்று. கரும்புப் பாரம் ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுவோர், தென்னை ஏறித் தவறுவோர், காவிரிப் படித்துறையின் பாசியில் வழுக்குவோர், ஈரோடு கரூர்ச் சாலையில் இருசக்கர வாகன விபத்துக்கு ஆளாவோர், இரவில் குளியலறைக்குச் செல்கையில் சறுக்கி விழும் முதியோர் எனப் பலரும் எங்கள் பிரிவுக்கு வருகின்றனர். எலும்பு முறிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஒன்று, எங்கே கட்டுப் போடுவது? மற்றொன்று, என்ன பத்தியம் இருப்பது? இவ்விரு வினாக்களுக்கும் நோயாளர்களும் அவர்களைப் பேணுவோரும் அறிந்துகொள்ளத்தக்க விடைகளை இக்கட்டுரையில் தருகிறோம்.

எலும்பு எவ்வாறு கூடுகிறது?

முறிந்த எலும்பை மருத்துவரோ மருந்தோ ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானே கூடுகிறது. அது நேராகவும் தடையின்றியும் கூடுவதற்கு வேண்டிய சூழலை அமைத்துத் தருவதே மருத்துவம்.

முறிவு ஏற்பட்டவுடன் அவ்விடத்தில் குருதி கசிந்து உறைகிறது. அந்த உறைவே பழுதுபார்க்கும் பணியின் தொடக்கம். முதல் சில நாள்களில் அங்கு வீக்கமும் வலியும் இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் முறிந்த முனைகளுக்கிடையே நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான பாலம் ஒன்று உருவாகிறது. அதன்பின் அப்பாலத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது கடினமடைகிறது. நம் ஊரில் "எலும்பு ஊறிவிட்டது" என்று சொல்வது இந்நிலையைத்தான். இறுதியாக, மாதங்கள் பலவாகவும் சில வேளை ஆண்டுக்கணக்கிலும், எலும்பு தன் பழைய வடிவத்தை நோக்கித் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இதற்கு ஆகும் காலம் இடத்துக்கு இடம் வேறுபடும். சிறுவரின் முன்கை எலும்பு நான்கு முதல் ஆறு வாரங்களில் கூடிவிடும். வயது வந்தோரின் மணிக்கட்டு முறிவுக்கு ஏறத்தாழ 6 வாரங்கள் வேண்டும். கீழ்க்கால் எலும்புக்கும் தொடை எலும்புக்கும் மூன்று நான்கு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதோர்க்கும், பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உடையோர்க்கும், ஊட்டம் குன்றியோர்க்கும் இக்காலம் நீளும். நிக்கோட்டின் எலும்புக்குச் செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்குவதால், எலும்பு முறிந்த நாளே புகையை விடவேண்டிய நாள் என்பதை ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துகிறோம்.

ஆக, எலும்பு செவ்வனே கூட மூன்று தேவை. முறிந்த முனைகள் நேராக அமைந்து அசையாதிருத்தல். அவ்விடத்துக்குக் குருதி தடையின்றிச் செல்லுதல். புதிய எலும்பைக் கட்டும் பொருள்கள் உணவின் வழியே கிடைத்தல். கட்டைப் பற்றியும் பத்தியத்தைப் பற்றியும் யார் எது சொன்னாலும் இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

கட்டு வைத்தியத்தில் கொள்வதும் தள்ளுவதும்

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் மரபு தமிழகத்தில் தொன்மையானது. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிங்கிரிபாளையத்தின் பெயரைக் கொங்கு நாட்டில் அறியாதோர் குறைவு. ஆந்திர மாநிலத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய "புத்தூர்க் கட்டு" என்னும் பலகைகளைத் தமிழகத்தின் பல ஊர்களிலும் காண்கிறோம். எக்ஸ்ரே இல்லாத காலத்தில் விரல் நுனியால் எலும்பின் நிலையை உணர்ந்து, இழுத்துச் சேர்த்து, மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் பூசிய துணியால் சுற்றிக் கட்டிய கைத்திறன் மதிக்கத்தக்கது. அசையாமல் நிறுத்தவேண்டும் என்ற அடிப்படையை அம்மரபு சரியாகவே அறிந்திருந்தது.

அம்மரபுக்கு நற்பெயர் கிடைத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. காறை எலும்பு, விலா எலும்பு, விலகாத முன்கை முறிவு போன்றவை ஓரளவு அசையாதிருந்தாலே இயல்பாகக் கூடிவிடுபவை. இத்தகைய முறிவுகளில் எவர் கட்டினாலும் பெரும்பாலும் நன்மையே விளையும். ஆனால் எல்லா முறிவும் அத்தகையதன்று. எது தானே கூடும், எது கூடாது என்பதைப் பிரித்தறிய எக்ஸ்ரே இன்றியமையாதது. ஆகவே எங்கே கட்டுப் போட எண்ணினாலும், முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள் என்று வேண்டுகிறோம்.

கீழ்க்காணும் நிலைகளில் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கே வரவேண்டும்:

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும், முறிந்த இடத்தின்மேல் புண் இருந்தாலும். இங்கே கிருமி எலும்புக்குள் புகும். முதல் சில மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் காயத் தூய்மையும் ரண ஜன்னித் தடுப்பூசியும் வேண்டும்.

குழந்தையின் முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தால். அங்கே கைக்குச் செல்லும் முதன்மைக் குருதிக் குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டியே செல்கின்றன.

முதியோரின் இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்தால். வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினால் படுக்கைப் புண், நுரையீரல் சளி, கால் நரம்பில் குருதி உறைதல் ஆகியவை உயிருக்கே ஊறு செய்யும். விரைவில் அறுவைச் சிகிச்சை செய்து எழுப்பி உட்காரவைப்பதும் நடக்கவைப்பதுமே அவர்களைக் காக்கும் வழி.

முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மூட்டுக்குள் புகுந்த முறிவுகள், விரல்கள் மரத்தோ வெளுத்தோ போன முறிவுகள் ஆகியவையும் இவ்வகையினவே.

புதிதாக முறிந்த இடத்தை எண்ணெய் தேய்த்து உருவிவிடுதல் அறவே கூடாது. குறிப்பாக முழங்கையை இவ்வாறு உருவினால், தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு மடங்காமலே நின்றுவிடக்கூடும்.

சாலை விபத்தில் காயமுற்றோர்க்குச் செலவு ஒரு தடையாகாதிருக்க, "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 திசம்பரில் தொடங்கியது. இத்திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான அவசரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக எவரும் தயங்கவேண்டியதில்லை. 108 ஊர்தியை அழையுங்கள்.

சீன நாட்டு அனுபவம்

மரபு மருத்துவமும் நவீன மருத்துவமும் ஒன்றையொன்று விலக்கவேண்டுமா என்று எங்களிடம் பலர் வினவுகின்றனர். இதற்குச் சீன நாட்டின் வரலாறு நல்ல விடை தருகிறது.

அங்கும் எலும்பு வைத்தியம் பழமையானது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், தாங் அரசமரபுக் காலத்தில், லின் என்னும் தாவோ துறவியின் பெயரால் வழங்கும் எலும்பு முறிவு நூலில், முறிவை இழுத்துச் சேர்த்தல், மரப்பட்டைகளால் தப்பை கட்டுதல், மூட்டுகளை இடையிடையே அசைத்தல் ஆகியன சொல்லப்பட்டுள்ளன. சீன மரபு எலும்பு கூடும் காலத்தை மூன்றாகப் பகுத்து, முதலில் தேங்கிய குருதியைக் கலைக்கவும், நடுவில் எலும்பைச் சேர்க்கவும், இறுதியில் உடலைத் தேற்றவும் தனித்தனி மூலிகைகளையும் உணவையும் வகுத்தது. வீக்கம், பாலம், உறுதிப்படுதல் என நாம் மேலே கண்ட வரிசையோடு அது பெருமளவு ஒத்துள்ளது வியப்புக்குரியது.

1960களின் தொடக்கத்தில் தியான்சின் நகரத்து எலும்பு அறுவை மருத்துவர் ஃபாங் சியென்சியும் அவருடைய குழுவினரும் இம்மரபின் சிறு தப்பைகளை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தனர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. எக்ஸ்ரே கொண்டு முறிவைப் பார்த்தனர். தப்பை கட்டியபின் மீண்டும் எக்ஸ்ரே எடுத்தனர். கட்டின் இறுக்கத்தை நாள்தோறும் சரிபார்த்தனர். மூட்டுகளைத் தொடக்கத்திலேயே அசைக்கச் செய்தனர். மரபின் கைத்திறனும் நவீன மருத்துவத்தின் கண்காணிப்பும் ஒருங்கே அமைந்தபோது நோயாளருக்கு நன்மை விளைந்தது. எங்கள் வேண்டுகோளும் அதுவே. மரபைக் கைவிடச் சொல்லவில்லை. கண்காணிப்பைக் கைவிடாதீர்கள் என்கிறோம்.

பத்தியம் என்பது விலக்குவதா, சேர்ப்பதா?

எங்கள் பிரிவில் நாங்கள் பெரிதும் கவலையுறுவது இதனைப் பற்றியே. எலும்பு முறிந்தோ அறுவைச் சிகிச்சை முடிந்தோ வீடு திரும்பியவருக்குப் பருப்பு, பால், தயிர், முட்டை, இறைச்சி ஆகியவற்றை நிறுத்திவிட்டு, இட்லியும் இரசம் சோறும் மட்டும் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. "பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும்" என்று அக்கறையோடுதான் பெரியோர் சொல்கின்றனர். அந்த அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். எனினும் அக்கருத்து சரியன்று.

சீழ் கிருமியால் வருவது, பருப்பால் வருவதன்று. புண் தூய்மையாக இராவிடினும், சர்க்கரை மிகுந்திருப்பினும் சீழ் வைக்கும். மாறாக, புண் ஆறுவதற்கும் கிருமியை எதிர்ப்பதற்கும் எலும்பின் நார்ப்பகுதியைக் கட்டுவதற்கும் வேண்டிய மூலப்பொருள் புரதம். அதைத் தரும் உணவுகளையே விலக்கினால் புண் ஆறாது, எலும்பும் கூடாது. பெரிய முறிவுக்குப் பின் உடல் தன் தசையையே கரைத்துப் புரதம் எடுத்துக்கொள்ளும். முதியோர் ஒரே மாதத்தில் எழுந்து நிற்கவும் வலுவின்றி மெலிவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

ஆகவே எலும்பு முறிவுக்கான பத்தியம் விலக்குவதாக அன்றிச் சேர்ப்பதாக இருக்கவேண்டும். நலமாக உள்ள ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் போதுமானது. எலும்பு முறிந்தவருக்கு, அதிலும் முதியோர்க்கு, 1.2 கிராம் வரை தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் ஏறத்தாழ 70 கிராம். சுண்ணாம்புச் சத்து வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் வேண்டும்.

நம் வட்டார உணவிலேயே ஒரு நாள்

இத்தேவைகளை நிறைவு செய்ய விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. கொங்கு நாட்டுச் சமையலறையில் உள்ளவையே போதும்.

காலையில் ராகிக் களியோ ராகி அடையோ உண்ணலாம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியங்களில் இதற்கு இணையில்லை. உடன் ஒரு தம்ளர் பால்.

முற்பகலில் ஒரு கைப்பிடி நிலக்கடலை. ஒரு கொய்யாவோ நெல்லிக்கனியோ. எலும்பின் நார்ப்பகுதி உறுதிபெற வைட்டமின் சி வேண்டும்; அதற்கு இவை இரண்டும் சிறந்தவை.

நண்பகலில் சோற்றுடன் கொள்ளுப் பருப்போ துவரம் பருப்போ, ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை அல்லது தண்டுக்கீரைப் பொரியல், ஒரு கிண்ணம் தயிர். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் நம் ஊர்ச் சாதத்தில் பருப்பின் பங்கைச் சற்றுக் கூட்டினால் இன்னும் நன்று.

மாலையில் ஒரு கரண்டி கறுப்பு எள் சேர்த்த உருண்டை, அல்லது சுண்டல். 100 கிராம் எள்ளில் 1000 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. எனவே சிறிதளவே பயன் தரும்.

இரவில் இட்லி அல்லது தோசையுடன் இரண்டு முட்டைகள், ஒரு தம்ளர் பால். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நாமக்கல் மாவட்டத்திலிருந்து நாடெங்கும் செல்லும் முட்டை, நம் வீட்டு நோயாளருக்கு மட்டும் விலக்காக வேண்டியதில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. முட்டை உண்ணாதோர் அதற்கீடாகக் கொண்டைக்கடலை, பனீர், சோயா ஆகியவற்றைக் கொள்ளலாம்.

இவ்வாறு உண்டால் புரதம் 70 கிராமை எட்டும். சுண்ணாம்புச் சத்தும் 1000 மில்லிகிராமைக் கடக்கும். சர்க்கரை நோயுடையோர் ராகியைக் கூழாகக் கரைத்துக் குடிக்காமல், காய்கறி சேர்த்த அடையாக அளவோடு உண்பது நல்லது. எள்ளுருண்டைக்குப் பதிலாக எள்ளைப் பொடித்துத் துவையலில் சேர்க்கலாம். சிறுநீரகக் கோளாறு உடையோர் தம் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

பிரண்டையும் ஆட்டுக்கால் சூப்பும்

வேலியோரத்தில் படரும் பிரண்டைக்கு இந்தியில் "ஹட்ஜோட்" என்று பெயர்; எலும்பை ஒட்டவைப்பது என்பது அதன் பொருள். சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் இரண்டும் இதனை எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகின்றன. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்து மருத்துவர் உடுப்பாவும் அவருடன் பணியாற்றியோரும் விலங்குகளில் ஆய்ந்து, பிரண்டைச் சாறு எலும்பு கூடுதலை விரைவுபடுத்துவதாகக் கண்டனர். பின்னர்த் தாடையெலும்பு முறிந்த சிறு எண்ணிக்கையிலான நோயாளர்களிடமும் நம்பிக்கை தரும் பயன்கள் காணப்பட்டன. எனினும் பெரிய அளவிலான மனித ஆய்வுகள் இல்லாத நிலையில், பிரண்டையைத் துணை உணவாகக் கொள்ளலாமேயன்றி, அதையே சிகிச்சையாகக் கொள்ளலாகாது. விலகிய எலும்பைப் பிரண்டை நேராக்காது.

இளம் பிரண்டையை நார் நீக்கி, நல்லெண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்துத் துவையலாக அரைத்து உண்ணும் நம் வழக்கம் அறிவுடையது. சரியாக வதக்காத பிரண்டை நாவிலும் தொண்டையிலும் அரிப்பை உண்டாக்கும். அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களே காரணம். சிறுநீரகக் கல் உடையோர் இதனை மிகுதியாக உண்ணாதிருத்தல் நலம். பற்பம், செந்தூரம் முதலியவற்றைப் பதிவு பெற்ற சித்த மருத்துவரின் அறிவுரையின்றி வாங்கி உண்ணவேண்டா. குருதி உறையாமைக்கு மாத்திரை உண்போர், மூலிகை எதுவாயினும் எங்களிடம் கூறிய பின்னரே தொடங்குங்கள்.

ஆட்டுக்கால் சூப் சுவையானது, பசியைத் தூண்டும், நோயாளர் விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து நீரில் மிகச் சிறிதளவே கரையும். ஆகவே சூப் கொடுத்தோம் என்பதற்காகப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள்.

சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். வெயில் மிகுந்த நம் ஊரிலும் இக்குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. கைகால்களில் படுமாறு முற்பகல் வெயிலில் நாள்தோறும் அரைமணி நேரம் அமர்வது நன்று. மருத்துவர் எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்து பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாக, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் உண்ணவேண்டியது. அதனை நாள்தோறும் உண்டால் குருதியில் சுண்ணாம்புச் சத்து வரம்பு மீறிச் சிறுநீரகம் பழுதுறும். மருந்துச் சீட்டில் உள்ளதைக் கடைக்காரரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கட்டுப் போட்ட பின் பேணுவோர் பார்க்க வேண்டியவை

மாவுக்கட்டாயினும் தப்பைக் கட்டாயினும் முதல் இரண்டு மூன்று நாள்களே இடர் மிகுந்தவை. அப்போதுதான் வீக்கம் உச்சத்தை அடையும். கட்டு விரியாது, உள்ளே தசை வீங்கும், குருதி ஓட்டம் தடைப்படும். இந்நிலை ஆறு மணி நேரம் அளவுக்கு நீடித்தால் தசையும் நரம்பும் மீளா வகையில் கெடத் தொடங்கும். இறுகிய கட்டினால் கை சுருங்கி விரல்கள் மடங்கிப்போகும் ஊனத்தை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். இன்றும் அது நிகழ்கிறது. பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதே அதன் துயரம்.

ஆகவே முதல் மூன்று நாள்களும், இரவிலும் கூட, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைப் பாருங்கள். அவை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ சில்லிட்டோ உள்ளனவா? மரத்துப்போயினவா? நோயாளரால் தாமே அசைக்க முடிகிறதா? நீங்கள் விரலை மெல்ல நீட்டும்போது தாங்கவொண்ணா வலி எழுகிறதா? வலி மாத்திரை கொடுத்த பின்னும் வலி ஏறிக்கொண்டே போகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே வாருங்கள். கைக்குழந்தையோ சிறுவரோ ஓயாது அழுதால் அதுவும் ஓர் அடையாளமே. கட்டை யார் போட்டிருந்தாலும் நாங்கள் பார்ப்போம். எங்கே கட்டினீர்கள் என்று கடிந்துகொள்ள மாட்டோம்.

கட்டுப் போட்ட கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்குச் சற்று உயர்த்தி வையுங்கள். விரல்களை மணிக்கொருமுறை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். கட்டுக்குள் குச்சியோ ஊக்கோ விட்டுச் சொறிய விடாதீர்கள். குறித்த நாளில் எக்ஸ்ரேவுக்கு வரத் தவறாதீர்கள். முதல் வாரத்தில் நழுவிய எலும்பை மீண்டும் நேராக்குவது எளிது; ஆறு வாரம் கழித்து வந்தால், கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி உடைத்தே திருத்த நேரும்.

வீட்டில் ஒருவருக்கு எலும்பு முறிந்தால் அந்த வீடே சில மாதங்கள் உழைப்பை இழக்கிறது. அக்காலத்தைக் குறைப்பது உங்கள் கையிலும் உள்ளது. தட்டில் பருப்பும் பாலும் முட்டையும் கீரையும் இருக்கட்டும். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, நோயாளர் முந்தைய நாள் உண்ட உணவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோலவே அதையும் உங்களுடன் அமர்ந்து பார்க்கக் காத்திருக்கிறோம்.